பால்கனியில் நின்ற சைக்கிளை வாங்கலாமா?

வந்த கேள்வி சுருக்கமாக இது. வயது 42, உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 84 கிலோ, வீடு வேளச்சேரி. கல்லூரிக் காலத்தோடு சைக்கிளை விட்டாயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் 15, 20 கிலோமீட்டர் சும்மா ஓட்டிவிட்டு வர வேண்டும். பந்தயம் கிந்தயம் எதுவும் இல்லை. 10,000 ரூபாய்க்குள் பழைய வண்டி போதும். '21 கியர், டபுள் சஸ்பென்ஷன், டபுள் டிஸ்க், அதிகம் ஓட்டவில்லை, 9,000' என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது. வாங்கலாமா?

அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பார்ப்பதற்கு மோட்டார் பைக் மாதிரி கம்பீரமாக இருக்கும். அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் அதைச் செய்கிறார்கள். பதினைந்தாயிரத்துக்குள் புதிதாக விற்கிற வண்டியில் முன்னும் பின்னும் ஸ்பிரிங், இரண்டு டிஸ்க், 21 கியர் எல்லாம் வைக்க வேண்டுமானால், ஒவ்வொன்றிலும் இருப்பதிலேயே மலிவானதைத்தான் போட முடியும். எடை 17, 18 கிலோவுக்கு வந்துவிடும். மிதிக்கிற மிதியில் ஒரு பங்கைப் பின்பக்க ஸ்பிரிங் அமுங்கி எழுந்தே தின்றுவிடும். பின்பாகம் ஆடுகிற மூட்டில் இருக்கும் புஷ் தேய்ந்தால் பின்சக்கரம் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். அந்த புஷ்ஷுக்கு ஸ்பேர் தேடி அலைய வேண்டியிருக்கும். 21 கியர் என்பது முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7, இரண்டையும் பெருக்கிய கணக்கு. வேளச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) போய்த் திரும்புகிற உங்களுக்கு மேடு என்று வழியில் இருப்பது மேம்பாலம் மட்டும்தான். ஏழு கியர் இருந்தாலே மூன்றைத்தான் தொடுவீர்கள்.

அந்த விளம்பரத்தில் 'அதிகம் ஓட்டவில்லை' என்பதை விற்பவர் பெருமையாகப் போட்டிருக்கிறார், நீங்களும் அதை நல்ல குணமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சென்னையில் பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். காரிலும் ஸ்கூட்டரிலும் ஓடிய கிலோமீட்டர் குறைவாக இருந்தால் நல்லது. சைக்கிள் கதை வேறு. இங்கே விற்பனைக்கு வருகிற கியர் சைக்கிள்களில் பெரும்பாலானவை ஓடித் தேய்ந்தவை அல்ல, நின்று கெட்டவை. 2020-இல் ஊரடங்கு தளர்ந்ததும் ஜிம்மும் இல்லை, ஆபீஸும் இல்லை என்று ஆளாளுக்கு சைக்கிள் வாங்கினார்கள். கடையில் வண்டி வரவில்லை என்று காத்திருந்து வாங்கியவர்களே உண்டு. மூன்று மாதம் ஓட்டினார்கள். அப்புறம் அது பால்கனிக்குப் போனது, துணி காய ஆரம்பித்தது. இன்று வாட்ஸ்அப் குழுக்களில் 'லைட்லி யூஸ்டு' என்று வருவது அந்த வண்டிகள்தான்.

ஓடித் தேய்கிற வண்டியில் செயின், பின் பல்சக்கரம், பிரேக் கட்டை, டயர் என்று மாற்றக்கூடியவைதான் தேயும். கடைக்குப் போனால் இருநூறு, எழுநூறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. நின்று கெட்ட வண்டியில் ரப்பர் வெடிக்கும், கிரீஸ் காய்ந்து பிசினாகும், கேபிள் உறைக்குள் துரு பிடிக்கும், ஒன்றோடொன்று செருகியிருக்கும் உலோகங்கள் ஒட்டிக்கொள்ளும். இதில் முதல் மூன்றுக்குக் கொஞ்சம் காசு செலவழித்தால் போதும். நான்காவது வந்துவிட்டால் வண்டியே போச்சு.

அந்த நான்காவதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு அடுக்குமாடி வீட்டில் ஒரு ஹைபிரிட் சைக்கிள் (ரோடு பைக்குக்கும் மவுன்டன் பைக்குக்கும் நடுவில் உள்ள வகை) பார்த்தேன். அலுமினிய ஃப்ரேம், பெயின்ட் பளபளவென்று, டயரில் அச்சு அப்படியே இருந்தது. விற்றவர் ஆறடி ஆள், அதனால் சீட் உச்சியில் நின்றது. "கொஞ்சம் இறக்கிப் பார்க்கலாமா சார்?" என்றேன். "ஆலன் கீ எங்கேயோ கிடக்கு தம்பி, வீட்டுக்குப் போய் இறக்கிக்கோங்க, ஒரே நிமிஷம்" என்றார். பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை; அவருக்கே தெரிந்திருக்காது. பணத்தைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே மிதித்து வீடு வந்தேன். போல்ட்டைத் தளர்த்தினேன். சீட் தண்டு அசையவில்லை. சுற்றிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் வண்டியைக் கவிழ்த்து வைத்து, துரு நீக்கும் எண்ணெயை விட்டு, மூன்று நாள் ஊறப் போட்டார். பிறகு சீட்டைக் கழற்றி, தண்டின் தலையை வைஸில் இறுக்கிப் பிடித்து, ஃப்ரேமையே ஒரு நெம்புகோல் மாதிரி இரண்டு பேர் திருப்பினோம். தண்டு முறுகியதே தவிர வரவில்லை. கடைசியில் தண்டை அறுத்து, குழாய்க்குள் ஆக்சா பிளேடை விட்டு நீளவாக்கில் கீறி, துண்டு துண்டாக உடைத்து எடுத்தார். அரை நாள் வேலை. "சைக்கிளுக்குக் கொடுத்ததை என்கிட்டயே கொடுத்திருக்கலாம்" என்று சிரித்தார்.

காரணம் எளிது. அலுமினியக் குழாய்க்குள் இரும்புத் தண்டு. நடுவே உப்புக் காற்றில் வந்த ஈரம். இரண்டு வேறு உலோகங்களும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகிறது. அந்தப் பொடிக்கு உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும், அதனால் இடுக்கில் உப்பி தண்டைக் கவ்விக்கொள்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை தண்டை வெளியே எடுத்து ஒரு விரல் கிரீஸ் தடவியிருந்தால் நடந்திருக்காது. ஆனால் பால்கனியில் நிற்கிற வண்டிக்கு யார் அதைச் செய்கிறார்கள்? அன்றிலிருந்து பழைய வண்டி பார்க்கப் போனால் பாக்கெட்டில் 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ மூன்றும் இருக்கும். நீங்களும் முதலில் சீட்டை இறக்கி ஏற்றிப் பாருங்கள். அசையவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். விலை பேசாதீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை பக்கத்து வண்டி என்றால் இதை இரண்டு தடவை பாருங்கள். கடலிலிருந்து தள்ளி இருக்கும் போரூர், அம்பத்தூர் பக்கம் என்றால் எனக்கு மனசு கொஞ்சம் லேசாக இருக்கும்.

சரி, எந்த மாதிரி வண்டி தேடுவது? உங்களுக்கு என் முதல் தேர்வு ஹைபிரிட். நேரான ஹேண்டில்பார், 700சி அளவுச் சக்கரம், 32 முதல் 40 மில்லிமீட்டர் வரை அகலமான டயர், முன்னால் சஸ்பென்ஷன் இல்லாத விறைப்பான ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை). எடை 12, 13 கிலோவைச் சுற்றி இருக்கும். பி.ட்வின், ஃபயர்ஃபாக்ஸ், மோன்ட்ரா என்று பல பெயர்களில் பழைய சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. இரண்டாவது, சஸ்பென்ஷன் இல்லாத பழைய எம்.டி.பி., அதாவது மவுன்டன் பைக்; அதில் கரடுமுரடான டயரைக் கழற்றிவிட்டு வழுவழு டயர் போட்டால் தார்ச்சாலையில் நன்றாக ஓடும். வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோடு பைக் பக்கம் இப்போது போக வேண்டாம். இருபது வருடம் கழித்து ஏறுகிறீர்கள். குனிந்து ஓட்ட முதுகு சம்மதிக்க வேண்டும்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, பலர் அதைப் பட்டியலிலேயே சேர்க்க மாட்டார்கள். 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் நம் தெருக்களுக்குக் கொடுத்த பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். போன்ற கியர் இல்லாத லேசான வண்டிகள். யாராவது வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒன்று நின்றால் 1,500, 2,000-க்கே கிடைக்கும். அதன் எந்தக் கோளாறும் தெருமுனை பஞ்சர் கடைக்காரருக்கு அத்துப்படி. எஞ்சிய பணத்தில் ஓவராலிங் செய்து, இரண்டு டயர் மாற்றி, நல்ல சீட் போட்டால், 15 கிலோமீட்டருக்கு அது தாராளம். என்ன, அபார்ட்மென்ட் லிஃப்டில் கொண்டுபோகும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற விலையில்லா மிதிவண்டியை இதே விலைக்கு யாராவது நீட்டினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போக வந்த வண்டி.

சைஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். டயர், செயின், சீட் எல்லாவற்றையும் மாற்றலாம். ஃப்ரேமின் அளவை மாற்ற முடியாது. 5 அடி 6-க்குப் பெரும்பாலான ஹைபிரிட்களில் 'எம்' என்று போட்டது சரியாக வரும், எம்.டி.பி. என்றால் 16, 17 அங்குலம். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், அதனால் ஸ்டிக்கரை நம்பாமல் ஏறிப் பாருங்கள். வழக்கமாகப் போடும் ஷூவோடு, பாருக்கு இரு பக்கமும் கால் ஊன்றி நின்றால் பார் உடம்பில் இடிக்கக் கூடாது, இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பிறகு சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் மடங்காமல் நேராக நீள வேண்டும். அந்த உயரத்துக்கு சீட் வர வேண்டும். அந்த நிலையில் தண்டில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரிந்தால் ஃப்ரேம் உங்களுக்குச் சின்னது. வண்டியைப் பழகிய நாட்களில் நம் ஊரில் எல்லாரும் இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்துத்தான் ஓட்டியிருப்போம். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் ஓட்டினால் பத்தாவது கிலோமீட்டரில் முழங்கால் வலிக்கும். சைக்கிளைக் குறை சொல்லிப் பயனில்லை.

பார்க்கப் போகும் முன் போனிலேயே இரண்டு விஷயம் கேளுங்கள்: பில் இருக்கிறதா, கடைசியாக எப்போது ஓட்டினீர்கள். 'நேத்துகூட ஓட்டினேன்' என்பவர் வண்டியில் தூசி படிந்திருந்தால் மீதிப் பேச்சையும் அதற்கேற்ப எடுத்துக்கொள்ளலாம். பகல் வெளிச்சத்தில் போங்கள். பேஸ்மென்ட் டியூப்லைட்டில் விரிசல் தெரியாது.

வண்டியைத் தொட்டதும் ஃப்ரேம். முன்பக்கம், ஹேண்டில்பார் தண்டு இறங்கும் சின்னக் குழாயோடு கீழ்க்குழாய் சேருகிற இடத்தின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். அங்கே பெயின்ட் சுருங்கி அலை மாதிரி தட்டுப்பட்டால் வண்டி நேராக எதிலோ மோதியிருக்கிறது. பெடல் அச்சு இருக்கும் இடத்திலும், சீட் தண்டு நுழைகிற இடத்திலும் வெல்டிங்கை ஒட்டி முடி மாதிரி கோடு இருக்கிறதா பாருங்கள். பெயின்ட் கீறலா விரிசலா என்று சந்தேகமாக இருந்தால் நகத்தை அதில் வைத்து இழுங்கள். விரிசல் நகத்தைப் பிடிக்கும், துருவும் அந்தக் கோட்டிலேயே ஓடியிருக்கும். அலுமினியத்தில் விரிசல் என்றால் தீர்ந்தது, எந்த வெல்டரிடமும் கொடுத்து ஒட்டாதீர்கள். இரும்பு ஃப்ரேமை ஒட்டலாம், ஆனால் உங்களுக்கு எதற்கு அந்த வம்பு.

பிறகு முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில்பார் கழுத்தில் 'டக் டக்' என்று வந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் சரியாகலாம். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவது மாதிரி நின்றால், கப்பில் பால்ரஸ் குழி போட்டுவிட்டது, அதை மாற்ற வேண்டும்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். இரண்டு மில்லிமீட்டர் கோட்டம் பெரிய விஷயமில்லை, கோட்டம் எடுப்பவரிடம் கொடுத்தால் சக்கரத்துக்கு இருநூறு ரூபாய் போல ஆகும். போக்ஸ் கம்பிகளை இரண்டு இரண்டாக விரலால் அமுக்கிப் பாருங்கள். ஒன்று கம்பியாகவும் ஒன்று கயிறாகவும் இருந்தால் அந்த ரிம் ஒரு குழியில் நன்றாக வாங்கியிருக்கிறது. ரிம்மில் பிடிக்கிற பிரேக் என்றால் ரிம்மின் பக்கவாட்டைத் தடவுங்கள். சமமாக இருக்க வேண்டும், உள்பக்கம் குழிந்திருந்தால் ரிம் தேய்ந்து மெலிந்துவிட்டது.

உங்கள் எடை 84 என்பதால் பின்சக்கரத்தில் ஒன்று கூடுதலாகப் பார்க்கச் சொல்வேன். பின்னால் 7 பல்சக்கரம் உள்ள மலிவான வண்டிகளில் அவை மொத்தமாக ஒரு ஃப்ரீவீலாக ஹப்பின் (சக்கரத்தின் நடு உருளை) மேல் மரை போட்டு ஏறியிருக்கும். அந்த அமைப்பில் வலது பக்கத்து பேரிங் ஹப்புக்குள் தள்ளி உட்காருகிறது. அதற்கு வெளியே ஆக்சில் தாங்கலில்லாமல் நீள்கிறது. கனமான ஆள், நம் ஊர் வேகத்தடை, இரண்டும் சேர்ந்தால் அந்த இடத்தில் ஆக்சில் வளையும், சில சமயம் ஒடியும். பின்னால் 8 பல்சக்கரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளில் பொதுவாக கேசட், அதாவது ஹப்பின் மேல் செருகி மாட்டும் பல்சக்கரக் கொத்து, இருக்கும். அதில் பேரிங் ஓரத்திலேயே தாங்குவதால் அந்தத் தொல்லை இல்லை. பின்சக்கரத்தை விரலால் சுற்றி, பல்சக்கரக் கொத்து அலைந்து அலைந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். லேசான அலைவு ஃப்ரீவீலுக்கு இயல்பு. ஆக்சில் முனையே வட்டமடித்தால் அது வளைந்துவிட்டது. விலை ஒத்துவந்தால் கேசட் வண்டியையே எடுங்கள்.

செயினுக்கு ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு சரியாக அரை அங்குலம். ஆக 24 கண்ணிக்கு 12 அங்குலம். ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்தால் 12 அங்குலக் கோடும் ஒரு பின்னின் நடுவில் விழ வேண்டும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போயிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு போயிருந்தால் அது பின் பல்சக்கரத்தையும் தின்றிருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் பல் தாவும். நின்றே கெட்ட வண்டியில் செயின் நீளாது, துருப்பிடித்துச் சில கண்ணிகள் மடங்காமல் நிற்கும். மேலே துரு என்றால் எண்ணெயில் போகும். கண்ணி விறைத்திருந்தால் செயினுக்கு எழுநூறு ரூபாயை மனதில் கழித்துக்கொள்ளுங்கள்.

பின்னாலிருந்து பார்த்தால் கியர் மாற்றும் கை பல்சக்கரத்துக்கு நேர்கீழே தொங்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் வண்டி வலது பக்கமாக விழுந்திருக்கிறது. அதை மாட்டியிருக்கும் சின்ன அலுமினியக் காது வளைந்திருக்கும். அதை வளைத்துச் சரிசெய்யலாம்; ஒடிந்தால் மாற்றுவதற்கு அதே மாடலின் காதுதான் வேண்டும், கிடைக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

டயரின் அச்சைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டைப் பாருங்கள். காற்று இறங்கி மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அமுங்கி நின்ற டயரின் ஓரத்தில் காய்ந்த ஏரி மண் மாதிரி வெடிப்பு இருக்கும். மேலே அச்சு புத்தம் புதிதாகவே இருக்கும். அது முழுக் காற்றைத் தாங்காது. அப்படியே டயர் ஓரத்து எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். '26 இன்ச்' என்று வாயால் சொல்லி டயர் வாங்கப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். எம்.டி.பி.யின் 26 அங்குலத்துக்கு ரிம் விட்டம் 559 மில்லிமீட்டர். பழைய 26 × 1 3/8 டயருக்கு 590. ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. தாத்தா காலத்து 28 × 1 1/2 டயர் 635, ஹைபிரிட்டின் 700சி 622. டயரில் 37-590, 50-559 என்று கோடு போட்டு எழுதியிருப்பதில் இரண்டாவது எண்தான் உங்களுக்கு வேண்டியது.

பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரிம்மில் பிடிக்கும் வி-பிரேக் உங்கள் தேவைக்குத் தாராளம், எந்தக் கடையிலும் ரிப்பேர் ஆகும். கேபிளில் இயங்கும் டிஸ்க் இருந்தாலும் சரி. ஆயில் டிஸ்க் என்றால், லீவரை அழுத்தும்போது பஞ்சு மாதிரி ஹேண்டில்பார் வரை வந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. அதற்கு விவரம் தெரிந்த கடையைத் தேட வேண்டும்.

இதெல்லாம் முடிந்தபின் ஓட்டிப் பாருங்கள். தெருவில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு 'நல்லாருக்கு' என்று சொன்னால் போதாது. சமதளத்தில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் ஏறச் சொல்லுவேன். சீட்டிலிருந்து எழுந்து நின்று அழுத்தி மிதிக்கும்போதுதான் தேய்ந்த பல்லில் செயின் 'கடக்' என்று தாவும், பெடல் மாட்டியிருக்கும் கை, அதாவது கிராங்க், தளர்ந்திருந்தால் காலுக்குக் கீழே தெரியும். இறங்கும்போது முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கியரையும் ஒரு தடவை தொட்டு வாருங்கள். கடைசியில் வண்டியை ஒரு சாண் உயரம் தூக்கித் தரையில் போடுங்கள். விற்பவர் முறைப்பார், பரவாயில்லை. கழன்று கிடப்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் தன் பெயரைச் சொல்லிவிடும்.

விலைக்கு வருவோம். விற்பவர்கள் பழைய பில்லைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நீங்கள் இன்றைய புது விலையில் தொடங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. வரியோடு 16,000-க்கு பில் போட்ட வண்டிக்கு, அடிப்படை விலை மாறாவிட்டால், இன்று 15,000-தான். இரண்டு மூன்று வருடமான, ஓடுகிற நிலையில் இருக்கும் வண்டிக்கு நான் புது விலையில் பாதியைத்தான் உச்சமாக வைப்பேன். ஆக 7,500. இப்போது பார்த்ததையெல்லாம் கழியுங்கள். இரண்டு டயர் 1,400, ட்யூப் 400, பிரேக், கியர் கேபிள் 350, பிரேக் கட்டை 350, ஓவராலிங் 1,000. மொத்தம் 3,500. உங்கள் பேரம் 4,000-இல் தொடங்கலாம், 5,000-இல் படிந்தால் எடுக்கலாம். செலவெல்லாம் சேர்த்து 8,500-இல் புது டயரோடு ஒரு வண்டி. 8,500 கேட்பவரிடம் 4,000 என்றால் முகம் சுளிப்பார்தான். டயர் ஓரத்து வெடிப்பையும் ஸ்கேலையும் அவர் எதிரிலேயே வைத்து ஒவ்வொன்றாகக் கணக்குச் சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருவார். அவருக்கும் பால்கனி காலியாக வேண்டும். இந்த உதிரி விலைகள் எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் கொடுப்பவை. உங்கள் மெக்கானிக்கிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃப்ரேம் நம்பரைப் படம் எடுங்கள். பில்லில் நம்பர் இருந்தால் ஒத்துப் பாருங்கள். பில் இல்லையென்றால், வாங்கிய கடையின் மெசேஜோ வண்டியோடு எடுத்த பழைய போட்டோவோ காட்டச் சொல்லுங்கள். சொந்தக்காரர் என்றால் ஏதாவது ஒன்று இருக்கும். நம்பரை யாரோ அரம் போட்டுத் தேய்த்திருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் குற்றம்தான், இருபதாயிரம் ரூபாய் வண்டியை மூவாயிரத்துக்கு வாங்கிவிட்டு 'எனக்குத் தெரியாது' என்பது எடுபடாது. இன்னொன்று, 'ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், வண்டியைப் பார்சலில் அனுப்புகிறேன், முன்பணம் போடுங்கள்' என்று வரும் கதை. க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். வண்டியை நேரில் தொடாமல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

வாங்கியதும் முதல் ஞாயிறே ஈ.சி.ஆருக்குக் கிளம்பிவிடாதீர்கள். நேராக மெக்கானிக்கிடம் விட்டு, ஹப், பெடல் அச்சு, ஹேண்டில்பார் கழுத்து மூன்றையும் பிரித்துப் புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். சீட் தண்டுக்கும் தடவச் சொல்ல மறக்காதீர்கள். பெடலைக் கழற்றி மாட்டுவதாக இருந்தால் நீங்கள் பக்கத்தில் இருப்பது நல்லது. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் சுற்றும். அவசரத்தில் வலதைத் திருப்புகிற மாதிரி திருப்பி கிராங்கின் மரையைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பம்பு, கூடுதலாக ஒரு ட்யூப் வாங்கி வையுங்கள். வால்வு ஸ்கூட்டர் ட்யூப் மாதிரி தடித்ததாக இருந்தால் பெட்ரோல் பங்கிலேயே காற்று பிடிக்கலாம். மெலிந்த வால்வு என்றால் அதற்கேற்ற பம்பு வேண்டும்.

முதல் இரண்டு வாரம் தரமணி, திருவான்மியூர் பக்கமே பத்து பத்து கிலோமீட்டராக ஓட்டுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஆனதும் எல்லா போல்ட்டையும், முக்கியமாக இரண்டு கிராங்க் போல்ட்டையும், மறுபடி ஒரு தடவை இறுக்குங்கள். பிரித்து மாட்டிய வண்டியில் இடது கிராங்க்தான் பெரும்பாலும் முதலில் தளரும். அதைக் கவனிக்காமல் தொடர்ந்து ஓட்டினால் அதன் சதுர ஓட்டை வட்டமாகி, கிராங்கையே மாற்ற வேண்டி வரும்.